கடிதம் இருந்த இடம்: கெடாத் தமிழரின் மின்னஞ்சலும் இயங்குதள மறுநிறுவலும்

மின்னஞ்சலைப் படிக்கவும் எழுதவும் பயன்படும் செயலி, வந்த கடிதம், போன கடிதம், முகவரிப் பட்டியல், கடவுச்சொல், பயனரின் விருப்பத் தேர்வுகள் ஆகிய அனைத்தையும் வன்தட்டில் தனக்கென ஓர் இடத்தில் சேர்த்து வைக்கிறது. இந்தத் தொகுப்பையே கணினித் துறையினர் புரொஃபைல் என்கின்றனர். கணினியின் அடிப்படை மென்பொருளான இயங்குதளம் பழுதாகி மீண்டும் நிறுவப்படும்போது, அஞ்சல் செயலியும் புதிதாகப் பிறந்ததுபோல் திறந்து, பெயரையும் முகவரியையும் கேட்டுவிட்டு, ஒன்றுமில்லாத பெட்டியைக் காட்டுகிறது. பழைய கடிதங்கள் அழிந்துவிட்டனவா, அல்லது செயலிக்கு அவற்றின் இருப்பிடம் மட்டும் மறந்துபோயிற்றா என்பது திரையைப் பார்த்தவருக்குத் தெரிவதில்லை. மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் ஆகிய நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் மின்னஞ்சலுக்கு வந்த காலம், விண்டோஸ் கணினிகள் அடிக்கடி மறுநிறுவல் செய்யப்பட்ட காலமும் தமிழ் எழுத்துக்கு ஒரே குறியேற்றம் அமையாதிருந்த காலமும் ஆகும். இம்மூன்றும் ஒன்றாக நேர்ந்ததால், இங்கே கடிதம் தொலைந்த வரலாற்றுக்குத் தனி இயல்பு உண்டு.

கடிதத்தின் இருப்பிடம் பெறுபவரின் கையில் இல்லாத நிலை கெடாவில் மின்னஞ்சலோடு தொடங்கியதன்று. சயாமின் மேலாண்மையின் கீழிருந்த கெடா, 1909-ஆம் ஆண்டு ஆங்கில-சயாம் ஒப்பந்தத்தால் பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள் வந்தது. 1912-இல் நெற்கதிர்க் கட்டும், உழவுக் காட்சியும், அலோர் ஸ்டார் மன்ற மண்டபமும் பொறித்த கெடாவின் சொந்த அஞ்சல் தலைகள் வெளிவந்தன. அதே ஆண்டுகளில் கோலா மூடா, கூலிம் மாவட்டங்களில் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமைக் கடந்து வந்த தமிழர் அத்தோட்டங்களின் லயங்களில் குடியேறினர். அவர்களுக்கு வந்த கடிதத்தின் உறையில் பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயரும் டிவிஷனும், அதற்கும் கீழே பீடோங், பாடாங் செராய், லூனாஸ் என்று அருகிலிருந்த அஞ்சல் நகரின் பெயரும் இருந்தன. வீட்டு எண்ணுக்கோ தெருப் பெயருக்கோ அங்கே இடமில்லை. கடிதப் பை முதலில் தோட்ட அலுவலகத்துக்குப் போனது. அலுவலகக் கணக்குகளைக் கவனித்த கிராணி, பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழரோ மலையாளியோ, பெயர்களைப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அவரோ தோட்டப் பள்ளி ஆசிரியரோ படித்துக் காட்டிப் பதிலும் எழுதினர். ஆளின் முகவரி தோட்டத்தின் முகவரியாகவே இருந்ததால், ஆள் தோட்டம் மாறினால் கடிதம் வழிதவறியது. தோட்டமே இல்லாமற்போனால் முகவரியும் இல்லாமற்போயிற்று.

தோட்டமே இல்லாமற்போவது கற்பனை அன்று. மலாயா விடுதலை பெற்ற 1957-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் நிறுவனங்கள் தோட்டங்களை விற்று வெளியேற, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாகப் பிரித்து மறுவிற்பனை செய்தனர். தோட்டத் துண்டாடல் என்று தமிழர் வரலாற்றில் பெயர்பெற்ற இந்நிகழ்வு பல்லாயிரம் தொழிலாளரின் வேலையையும் வீட்டையும் ஒருசேரப் பறித்தது. அதற்கு மாற்றாகத் தமிழர் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம் ஆகும். அதற்கு முன்பே, ஜப்பானியர் ஆட்சியின்போது இந்தியாவுடனான கடிதப் போக்குவரத்து முற்றிலும் அறுந்து, 1943-இல் கெடா மீண்டும் சயாமின் நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால், மேலிருக்கும் அமைப்பு மாறுவதும் கீழிருப்பவரின் கடிதத் தொடர்பு அறுவதும் ஒரே தலைமுறைக்குள் இருமுறை நடந்துவிட்டன. ஆனாலும் கைக்கு வந்து சேர்ந்த கடிதம் தகரப்பெட்டியின் அடியில் பத்திரமாக இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போனால் கடிதமும் கூடவே போயிற்று. மின்னஞ்சல் பறித்தது இந்த ஓர் உறுதியைத்தான்.

மலேசியாவில் கணினி வலையமைப்பின் தொடக்கம் 1985-இல் நிறுவப்பட்ட மிமோஸ் என்னும் அரசு நுண்மின்னணு ஆய்வு நிலையத்தோடு தொடர்புடையது. அந்நிலையம் 1980-களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் ராங்கோம் என்ற வலையால் இணைத்தது; 1992-இல் அதன் வழித்தோன்றலான ஜாரிங் நாட்டின் முதல் இணையச் சேவையாக உருவெடுத்தது; 1996-இல் டெலிகோம் நிறுவனத்தின் டிஎம்நெட் வந்து சேர்ந்தது. கெடாவில் இந்த வசதியை முதலில் எட்டக்கூடியவர்கள் 1984-இல் தொடங்கப்பட்டுப் பின்னர் எல்லையோரச் சிந்தோக்கில் நிலைகொண்ட வட மலேசியப் பல்கலைக்கழகத்தினரும், நகர்ப்புறத் தொழில்முறையாளரும் ஆவர். 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா நிலைமையை விரைவாக மாற்றியது. பால் மரங்களுக்கு நடுவே எழுந்த அத்தொழிற்சாலைகளுக்குச் சுற்றுவட்டாரத் தோட்டப் பிள்ளைகளும் வேலைக்குச் சென்றனர். தாத்தா ரப்பர் பால் வெட்டிய மாவட்டத்திலேயே பேரன் சில்லு பரிசோதிக்கும் நிலை வந்தது. 2000-களின் தொடக்கத்தில் ஊழியர் சேம நிதியிலிருந்து கணினி வாங்கப் பணம் எடுக்கலாம் என்ற திட்டமும், 2001-இல் கெடாவில் செயல்படத் தொடங்கிய எய்ம்ஸ்ட் கல்வி நிறுவனமும் வீட்டுக் கணினியைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமாக்கின.

அக்கால இணைப்பு தொலைபேசிக் கம்பி வழியாக மோடம் என்னும் கருவி எண் சுழற்றிப் பெறுவது; இணைந்திருந்த ஒவ்வொரு நிமிடமும் தொலைபேசிக் கட்டணத்தில் ஏறியது. ஆகவே அஞ்சலைச் சேவை நிறுவனத்தின் கணினியிலேயே வைத்து நிதானமாகப் படிப்பது கட்டுப்படியாகாது. பாப் என்று சுருக்கமாக வழங்கும் அஞ்சலக நெறிமுறை இதற்குத் தோதாக வடிவமைந்திருந்தது: செயலி இணைப்பைப் பிடித்து, காத்திருந்த கடிதங்களை எல்லாம் ஒரே மூச்சில் வீட்டுக் கணினிக்கு இறக்கி, இறக்கியவற்றைச் சேவைக் கணினியிலிருந்து நீக்கிவிட்டு, இணைப்பைத் துண்டித்துவிடும். சேவை நிறுவனங்கள் தந்த பெட்டியும் சில மெகாபைட் அளவினதே ஆதலால், நீக்குவது வேண்டுமென்றே வைக்கப்பட்ட இயல்பு. இந்தச் சிக்கனத்தின் விளைவு, கடிதத்தின் ஒரே படி வீட்டு மேசையின் மேலிருந்த ஒரு வன்தட்டில் மட்டும் தங்கியது என்பதாகும். வேறெங்கும் அதற்கு நகலில்லை.

அந்த ஒரே படி எங்கே தங்கியது என்பது செயலிக்குச் செயலி வேறுபட்டது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1988-இல் ஸ்டீவ் டார்னர் எழுதிய யூடோரா தன் கடிதங்களைப் பெரும்பாலும் செயலி நிறுவப்பட்ட கோப்புறையிலேயே வைத்தது. அந்தக் கோப்புறையை அப்படியே நகலெடுத்துப் புதிய கணினியில் இட்டால் வேலை முடிந்தது. 1997-இல் வெளிவந்த நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டர் செயலிக் கோப்புறைக்குள் பயனர்கள் என்ற உட்பிரிவை ஏற்படுத்தி, ஒவ்வொருவர் பெயரிலும் தனி அறை ஒதுக்கியது. இவ்விரண்டும் கடிதங்களை வெற்று உரையாக, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நீண்ட கோப்பில் எழுதின. எளிய உரைத் திருத்தியால் திறந்தாலும் கடிதம் கண்ணில் படும். விண்டோஸோடு இலவசமாக வந்ததாலேயே வீடுகளில் பரவிய அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வேறு வழியில் சென்றது. அது பயனர் நினைத்தும் பாராத ஆழத்தில் கடிதங்களை வைத்தது: விண்டோஸ் எக்ஸ்பி-யில் டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ், அதனுள் பயனர் பெயர், அதனுள் லோக்கல் செட்டிங்ஸ், அதனுள் அப்ளிகேஷன் டேட்டா, அதனுள் ஐடென்டிட்டீஸ், அதனுள் அடைப்புக்குறிக்குள் 32 இலக்க எழுத்தெண் தொடர் ஒன்றைப் பெயராகக் கொண்ட கோப்புறை, அதனுள் மைக்ரோசாஃப்ட், கடைசியாக அவுட்லுக் எக்ஸ்பிரஸ். இந்த வழியில் லோக்கல் செட்டிங்ஸ் என்ற கதவு இயல்பாகவே மறைத்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே சென்றவருக்கு இன்பாக்ஸ், சென்ட் ஐட்டம்ஸ் போன்ற பெயர்களில் டிபிஎக்ஸ் என்ற ஈறு கொண்ட கோப்புகள் கிடைக்கும். ஒவ்வொரு கோப்பும் செயலியின் ஓர் அஞ்சல் கோப்புறை. முகவரிப் புத்தகம் இங்கே இராது. அதற்கு வேறோர் இடம். கணக்கு விவரங்களோ கோப்பாகவே இராமல், ரெஜிஸ்ட்ரி எனப்படும் இயங்குதளத்தின் அமைப்புப் பதிவேட்டில் கலந்து கிடந்தன. ஆக, ஒருவருடைய கடிதப் போக்குவரத்து மூன்று இடங்களில் சிதறியிருந்தது. மூன்றும் இயங்குதளம் இருந்த அதே சி டிரைவில் இருந்தன. இந்த அமைப்பு பயனரின் நன்மையைக் கருதி வரையப்பட்டது என்று சொல்வதற்கு நிரம்பத் துணிவு வேண்டும். இருப்பிடத்தை வேறு டிரைவுக்கு மாற்றும் பொத்தான் ஒன்று அச்செயலியின் பராமரிப்புப் பக்கத்தில் இருந்தது உண்மையே. அந்தப் பக்கத்தைத் திறந்தவர் எத்தனை பேர் என்பது வேறு செய்தி.

மறுநிறுவல் அத்தனை அடிக்கடி நேர்ந்ததற்கு நச்சுநிரல்கள் முதற்காரணம். 1999 ஏப்ரல் 26 அன்று வெடித்த செர்னோபில் நச்சுநிரல் வன்தட்டின் தொடக்கப் பகுதியையே அழித்தது. 2000 மே மாதம் ஐ லவ் யூ என்ற தலைப்பில் காதல் கடிதம்போல் வந்த அஞ்சல் உலகெங்கும் அவுட்லுக் முகவரிப் பட்டியல்களின் வழியே தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. 2003-இல் பிளாஸ்டரும் 2004-இல் சாஸரும் இணையத்தில் இணைந்த கணினியைச் சில நிமிடங்களிலேயே மீண்டும் மீண்டும் அணைந்து எழச் செய்தன. நகரின் கடைவரிசையில் இருந்த கணினிக் கடைக்காரருக்கு இவற்றை ஒவ்வொன்றாகக் களைவதைவிட, வன்தட்டைப் பார்மட் செய்து விண்டோஸை மீண்டும் ஏற்றுவதே விரைவும் ஆதாயமுமான வழியாயிற்று. பார்மட் என்பது கோப்பு அட்டவணையைப் புதிதாக எழுதி, தட்டை வெறுமையானதாக அறிவிக்கும் செயல். கடைக்காரர் செய்வதற்கு முன், வேண்டிய கோப்புகள் உண்டா என்று கேட்பது வழக்கம். கேட்கப்பட்டவர் படங்கள், பாடல்கள், பள்ளி வேலைகள் என்று தம் கண்ணுக்குத் தெரிந்த மை டாக்குமெண்ட்ஸையும் டெஸ்க்டாப்பையும் சுட்டுவார். அஞ்சல் அவ்விரண்டிலும் இல்லை. செயலியைத் திறந்தால் கடிதம் தெரிகிறது, ஆகவே கடிதம் செயலிக்குள் இருக்கிறது, செயலியைத் திரும்ப ஏற்றினால் கடிதமும் திரும்ப வரும் என்று நம்பியதில் பயனரின் குற்றம் ஏதுமில்லை.

கவனமுள்ள கடைக்காரர் வன்தட்டை இரண்டாகப் பிரித்து, சி டிரைவில் விண்டோஸையும் டி டிரைவில் பயனர் கோப்புகளையும் வைக்கும் முறையைக் கையாண்டார். அடுத்த முறை சி-யை மட்டும் அழித்தால் போதும். இந்த முறை புகைப்படங்களைக் காப்பாற்றியது. அஞ்சலை யாரும் டி-க்கு மாற்றிவைக்காதவரை அதற்கு இதனால் பயனில்லை. டிபிஎக்ஸ் கோப்புகளின் இடமறிந்து அவற்றைக் குறுந்தட்டில் எரித்து வைத்தவர்களுக்கும் ஒரு வினோதமான தடை காத்திருந்தது. குறுந்தட்டிலிருந்து திரும்ப நகலெடுத்த கோப்பு, படிக்க மட்டும் என்ற பண்பைச் சுமந்து வரும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தான் எழுத முடியாத கோப்பைத் திறக்க மறுத்து, பழுதான கோப்பு என்பதுபோல் பிழைச்செய்தி காட்டும். கோப்பின் மேல் வலச்சொடுக்கி, பண்புகள் பலகையில் ஒரு சிறு கட்டத்தின் குறியை நீக்கினால் எல்லாக் கடிதமும் திரும்பிவிடும். அந்தக் கட்டத்தை அறியாதவர்கள் நல்ல கோப்பைக் கெட்டதென்று எண்ணித் தூக்கியெறிய வாய்ப்பிருந்தது. முயன்று காத்தபின் இழப்பது, காக்காமலே இழப்பதைவிடக் கசப்பானது.

தமிழில் எழுதியவர்களுக்கு இதற்கு மேலும் ஓர் அடுக்கு இழப்பு இருந்தது. கணினி எழுத்தை எண்ணாகவே அறியும். எந்த எண் எந்த எழுத்து என்ற உடன்படிக்கைக்குக் குறியேற்றம் என்று பெயர். 1990-களில் ஒரு பைட்டில் அடங்கும் 256 இடங்களில் முதற்பாதி ரோமன் எழுத்துக்கும் குறிகளுக்கும் உரியதாயிருக்க, மற்ற பாதியில் தமிழைப் பல மென்பொருள்கள் தத்தம் விருப்பப்படி அடுக்கின. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டளவில் உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சல், ஒலிப்பு முறையில் ரோமன் விசைகளைக் கொண்டு தமிழ் தட்டும் வழியைப் பரவலாக்கியது. 1997-இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின், முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலான தன்னார்வலர்கள் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல் வழியே கலந்து பேசி வகுத்த டிஸ்கி என்ற பொதுக் குறியேற்றம் புலம்பெயர்ந்த தமிழரிடையே வேர்விட்டது. 1999-இல் சென்னை மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்ற வேறிரு குறியேற்றங்களை ஏற்றதால், கடலின் இருகரையிலும் தமிழ் மின்கடிதம் வெவ்வேறு உடன்படிக்கைகளின் கீழ் நடந்தது. 2000-இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியதும், 2001-இல் அதன் மாநாடு கோலாலம்பூரில் கூடியதும் இந்தப் பிளவைச் சரிசெய்யும் முயற்சிகளே.

டிஸ்கியில் வந்த கடிதம் தன் தலைப்பகுதியில் தமிழ் என்று அறிவித்துக்கொள்ள இயலாது. ஏனெனில் அஞ்சல் செயலிகள் அறிந்த குறியேற்றப் பட்டியலில் அப்பெயர் இல்லை. ஆகவே பயனர் வரையறுத்தது என்ற பொதுக்குறியோடு அது அனுப்பப்பட்டது. பெறுபவர் தம் அவுட்லுக் எக்ஸ்பிரஸில் வாசிப்பு அமைப்புகளுக்குள் சென்று, பயனர் வரையறுத்தது என்ற வகைக்கு இணைமதி போன்ற ஒரு டிஸ்கி எழுத்துருவைத் தேர்ந்து வைத்திருந்தால் மட்டுமே அது தமிழாகத் தெரியும். இந்தத் தேர்வு ரெஜிஸ்ட்ரியில் இருந்தது. எழுத்துரு விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் இருந்தது. மறுநிறுவல் இரண்டையும் துடைத்தது. ஆகையால் டிபிஎக்ஸ் கோப்பைச் சரியாக மீட்டுத் திறந்தவரும்கூட, மேலே புள்ளியும் கீழே வாலும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளின் நெரிசலையே கண்டனர். ஆங்கிலக் கடிதங்கள் முழுதாக இருக்க, தமிழ்க் கடிதங்கள் மட்டும் சிதைந்து கிடந்த அக்காட்சி, கோப்பு கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு எவரையும் தள்ளும். உண்மையில் ஒரு பைட்டும் மாறவில்லை. எழுத்துருவை ஏற்றி, வாசிப்பு அமைப்பை மாற்றினால் அடுத்த நொடியே கடிதம் படிக்கத்தக்கதாகும். இழப்பு என்று அக்காலத்தில் எண்ணப்பட்டவற்றுள் இந்த வகையே மிகவும் வருந்தத்தக்கது என்று கருத இடமுண்டு; கடிதம் கையில் இருந்தும் அது கடிதம் என்று அடையாளம் தெரியாமற்போன நிலை இது.

கெடாவின் பீடோங்கில் பிறந்து, பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் தொடர்பியல் பேராசிரியராக விளங்கிய எழுத்தாளர் ரெ. கார்த்திகேசு, தட்டச்சிலிருந்தும் கையெழுத்திலிருந்தும் கணினித் தமிழுக்கு வந்து இணைய இதழ்களில் எழுதிய மலேசியத் தலைமுறையின் முன்னணியில் நின்றவர்; 2016-இல் மறைந்தார். அத்தலைமுறை எழுத்தாளர்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஐரோப்பாவுக்கும் நடத்திய கடிதப் போக்குவரத்து மலேசியத் தமிழிலக்கிய வரலாற்றுக்கு மூலச்சான்று. முந்தைய தலைமுறையின் தாள் கடிதங்களைத் தேடும் ஆய்வாளர் செல்லரித்த கட்டுகளைப் புரட்டுவார். 1990-களின் இறுதி ஆண்டுகளைத் தேடுபவர் பரணில் கிடக்கும் கணினிப் பெட்டியைத் திறந்து வன்தட்டைக் கழற்ற வேண்டியவராகிறார். தாளைச் சேர்க்கும் நூலகங்கள் பல. வன்தட்டைக் கேட்டு வாங்கும் வழக்கம் இன்னும் நிலைபெறவில்லை.

விண்டோஸ் எக்ஸ்பி பரவியபின் தேடலில் புதிய தடையொன்று முளைத்தது. விண்டோஸ் 98-இன் கோப்பு முறையில் உரிமை என்பதே இல்லை; எவரும் எதையும் திறக்கலாம். எக்ஸ்பி-யின் கோப்பு முறை ஒவ்வொரு கோப்புறைக்கும் உரியவர் யார் என்று குறித்து வைத்தது. உரியவரைப் பெயரால் அறியாமல், நிறுவும்போது பிறக்கும் ஒரு நீண்ட அடையாள எண்ணால் அறிந்தது. மறுநிறுவலுக்குப் பின் அதே பெயரில் அதே ஆள் கணக்குத் தொடங்கினாலும் எண் வேறு. ஆகவே பழைய வன்தட்டை இரண்டாவது தட்டாகப் பொருத்தித் தம் சொந்தக் கோப்புறையைத் திறக்க முயன்றவருக்கு அனுமதி மறுப்பே பதிலாகக் கிடைத்தது. நிர்வாகி உரிமையோடு நுழைந்து, பாதுகாப்புப் பலகையில் கோப்புறையின் உடைமையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட பின்னரே உள்ளே போக முடியும். 2007-இல் விற்பனைக்கு வந்த விஸ்டா முதல், பார்மட் செய்யாமல் நிறுவினால் பழைய அமைப்பு முழுவதும் விண்டோஸ் ஓல்டு என்ற கோப்புறைக்குள் ஒதுக்கி வைக்கப்பட்டது. இது பெரும் நன்மை. ஆயினும் விண்டோஸ் 10 அதைச் சுமார் பத்து நாளில் தானாகவே அழித்துவிடுவதால், பள்ளி விடுமுறை முடிந்து தேடலாம் என்று ஒத்திப்போட்டவருக்கு அது உதவவில்லை.

2004 டிசம்பரில் முதற்பதிப்பு வெளியான தண்டர்பேர்டு என்ற அஞ்சல் செயலி நெட்ஸ்கேப்பின் வழிவந்தது; கடிதங்களை மீண்டும் வெற்று உரைக் கோப்பாக எழுதியது. அதன் புரொஃபைல், மறைந்திருக்கும் அப்ளிகேஷன் டேட்டா கோப்புறைக்குள், எட்டு எழுத்தும் எண்ணும் ஏதோவொரு வரிசையில் கலந்து, டிஃபால்ட் என்ற சொல்லோடு முடியும் பெயரில் இருந்தது. தீய நிரல்கள் இடத்தை ஊகித்துவிடக் கூடாது என்பதற்காகவே பெயர் அவ்வாறு அமைந்தது. உரியவரும் ஊகிக்க முடியாமற்போனது அதன் மறுபக்கம். ஆனால் எந்தப் புரொஃபைல் எங்கே இருக்கிறது என்பதைச் சில வரிகளில் சொல்லும் புரொஃபைல்ஸ் என்ற சிறு குறிப்புக் கோப்பு பக்கத்திலேயே உண்டு. பழைய கோப்புறையை டி டிரைவில் வைத்துவிட்டு, குறிப்புக் கோப்பில் அந்த வழியை எழுதினால், கடிதம், கணக்கு, முகவரி, வடிகட்டி, கடவுச்சொல் அனைத்தும் ஒருசேரத் திரும்பின. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மூன்று இடங்களில் சிதறியதைத் தண்டர்பேர்டு ஒரே கோப்புறையில் அடக்கியது. மின்னஞ்சல் செயலிகளின் வரலாற்றில் தகரப்பெட்டிக்கு ஈடான அமைப்பு என்று சொல்லத்தக்கது இதுவே. 2019-இல் வெளிவந்த 68-ஆம் பதிப்பு ஒவ்வொரு நிறுவலுக்கும் தனிப் புரொஃபைல் என்ற விதியைக் கொண்டுவந்ததால், பழைய கோப்புறை பத்திரமாக இருக்கும்போதே செயலி வெற்றுப் பெட்டியோடு திறக்கும் குழப்பம் மீண்டும் தலைகாட்டியது; செயலியின் புரொஃபைல் மேலாளரைத் திறந்து பழையதைத் தேர்ந்தெடுப்பதே அதற்கு மாற்று. லினக்ஸ் பயன்படுத்தியோர் இச்சிக்கல்களிலிருந்து பெரும்பாலும் தப்பினர். பயனரின் வீட்டுக் கோப்புறையைத் தனிப் பிரிவில் வைப்பது அங்கே பழைய வழக்கம்.

இதற்கிடையில் கடிதமே வீட்டுக் கணினியை விட்டுப் புறப்பட்டது. 1996-இல் தோன்றிய ஹாட்மெயில் சைபர் கஃபேக்களில் இளைஞரை ஈர்த்தாலும், அதன் பெட்டி சிறியது. 2004 ஏப்ரல் முதல் நாளில் ஒரு கிகாபைட் இடத்தோடு ஜிமெயில் வந்தபோதும், 2001-இல் அறிமுகமான ஸ்திரீமிக்ஸ் அகலக்கற்றை நகரங்களில் பரவியபோதும், இறக்கி வைக்கும் தேவை தளர்ந்தது. கைப்பேசி வந்தபின் கடிதத்தைச் சேவைக் கணினியிலேயே விட்டு, எங்கிருந்தும் பார்ப்பது இயல்பாயிற்று; இன்று இயங்குதளத்தை மீண்டும் நிறுவுபவர் கடவுச்சொல்லைத் தட்டினால் கடிதங்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. இருப்பிடம் சொந்த வன்தட்டிலிருந்து நிறுவனத்தின் கிடங்குக்கு மாறியது என்பதே இதன் பொருள். நிறுவனமும் நிலையானதன்று: நாட்டின் முதல் இணையச் சேவையான ஜாரிங் 2015-இல் மூடப்பட்டபோது, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பலருடைய அடையாளமாக இருந்த அதன் முகவரிகளும் முடிவுக்கு வந்தன. தோட்டம் விற்கப்பட்டதும் உறையின் மேலிருந்த முகவரி பயனற்றுப்போன அதே முறையில், இங்கும் ஆள் இருக்க முகவரி போயிற்று. பாப் முறையில் கடிதங்களை முன்பே இறக்கி வைத்திருந்தவரிடம் மட்டும் அவை தங்கின என்பது, அம்முறையின் குறைகளை விரித்துச் சொன்ன இக்கட்டுரை ஒப்புக்கொள்ளவேண்டிய செய்தி.

பழைய வன்தட்டு ஒன்று இன்று கையில் கிடைத்தால் செய்யக்கூடியது குறைவன்று. விரைவுப் பார்மட் அட்டவணையை மட்டுமே அழிப்பதால், அதன்மேல் புதிய கோப்புகள் எழுதப்படாதவரை பழைய பைட்டுகள் தட்டில் கிடக்கும்; எக்ஸ்பி காலத்து முழுப் பார்மட்டும் பழுதான இடங்களைச் சோதித்ததேயன்றி எழுத்தை அழிக்கவில்லை, விஸ்டா முதல் வந்த முழுப் பார்மட்டே சுழியங்களை எழுதித் துடைத்தது. எனவே 2006-க்கு முன் பார்மட் செய்து அலமாரியில் போடப்பட்ட தட்டிலிருந்து மீட்பு மென்பொருள் டிபிஎக்ஸ் கோப்புகளைத் தோண்டியெடுக்கும் வாய்ப்பு உண்டு. முதல் வேலை தட்டை எதுவும் எழுதாத வகையில் பொருத்தி, முழுப் படிமம் எடுப்பது. இரண்டாவது, டிபிஎக்ஸ் கோப்பை உடைத்துத் தனித்தனிக் கடிதங்களாக்குவது. மூன்றாவது வேலை, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான இன்றைய குறியேற்றமாகிய ஒருங்குறிக்கு அவற்றை மாற்றுவது; அதில் அவசரம் கூடாது. டிஸ்கி தமிழைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதியது: கொ என்ற எழுத்தில் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியோ முதலில் ககரத்தையும் அதன்பின் ஒகரக் குறியையும் வைக்கிறது. மாற்றும் மென்பொருளான மாற்றி தானே வரிசையைத் திருப்பியாக வேண்டும். மேலும் அக்காலக் கடிதங்களில் பல, வழியிலுள்ள கணினிகள் சிதைக்காதிருக்கத் தமிழ் பைட் ஒவ்வொன்றையும் சமக்குறியும் இரு இலக்கமுமாகப் பெயர்த்து அனுப்பப்பட்டவை. அந்தப் பொதியைப் பிரிக்காமல் முழுக் கோப்பையும் மாற்றியில் இட்டால் தமிழ் அசையாமல் அப்படியே கிடக்கும். அனுப்பியவர் பெயரும் தேதியும் உள்ள தலைப்பகுதியில் 256 இடங்களின் பிற்பாதியைச் சேர்ந்த பைட் ஏதேனும் இருந்தால் அது மட்டும் தவறான எழுத்தாகிவிடும். ஆகவே தலைப்பகுதியைத் தொடாமல், உடற்பகுதியை மட்டும் பிரித்து, பைட்டாக்கி, பின் மாற்ற வேண்டும்; மாற்றாத மூலப்படியையும் அதே கோப்புறையில் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் டிஸ்கியின் 1.6, 1.7 பதிப்புகளுக்கிடையே சில இடங்களின் ஒதுக்கீடு வேறுபடுவதால், எந்தப் பதிப்பில் எழுதப்பட்டது என்பதைச் சில கடிதங்களில் ஓரிரு எழுத்துகளைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும்.